பலகை சொல்லும் பொய்

‘வாகனங்களுக்கும் அவற்றில் உள்ள பொருட்களுக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல.’ திருவண்ணாமலைக்குப் பௌர்ணமியன்று வண்டியில் போகிறவர்கள் இந்த வாசகத்தைப் பார்க்காமல் திரும்புவது கடினம். தகரப் பலகையில் எழுதியிருப்பார்கள்; பலகை இல்லையென்றால் டோக்கனில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். எழுதி வைத்தவர் மீது எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவர் தன் பிழைப்பைப் பார்க்கிறார். என் சண்டையெல்லாம் அந்த வாசகத்தை அப்படியே நம்பிவிட்ட நம்மோடுதான்.

வேன் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒருவர் சொன்னால், “அடப்பாவமே” என்பதற்கு முன்பே நம் வாயில் வருவது “பையை ஏன் வண்டியில வெச்சீங்க?” என்ற கேள்வி. புகார் எழுதும் இடத்திலும் அதே கேள்வி. இன்சூரன்ஸ் விண்ணப்பத்திலும் அதே கேள்வி, கொஞ்சம் சுற்றி வளைத்து. ஊர் திரும்பினால் சொந்தபந்தம் முழுக்க அதையே கேட்கும். பயணத்தில் திருட்டு நடந்தால் அது பயணியின் கவனக்குறைவு. அதற்கு மருந்து இன்னொரு நல்ல பூட்டு. மற்ற யாருக்கும் அதில் பங்கில்லை. இதுதான் இன்று எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. இது நியாயப்படி தவறு, சட்டப்படி தவறு, நம் பழைய வழக்கப்படியும் தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், எந்த மாதிரி வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்களுக்காக நிற்கும் குளுகுளு வண்டிதான் நமக்கு நினைவுக்கு வரும். வண்டியிலேயே படுத்து, சமைத்து, துணி உலர்த்தி ஊர் ஊராகப் போவதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம் என்று நினைப்போம். ஆனால் அதைத்தான் நம் குடும்பங்கள் காலங்காலமாகச் செய்துவருகின்றன. ஒரு டெம்போ டிராவலரைப் பேசி, காஞ்சிபுரம், திருவண்ணாமலை, சிதம்பரம் என்று கிளம்பினால் அந்த வேன்தான் வீடு. பின்சீட்டுக்கு அடியில் புளியோதரைத் தூக்கு, சின்ன காஸ் அடுப்பு, மாற்றுத் துணி, பாட்டியின் மாத்திரை டப்பா, ஜன்னல் ஓரம் காயும் துண்டு. அதற்குள் ஒரு குடும்பத்தின் மூன்று நாள் வாழ்க்கை மொத்தமும் இருக்கிறது.

திருவண்ணாமலைக்கு வந்தால் இந்த வீட்டைப் பூட்டிவிட்டு நெடுநேரம் வெளியே போக வேண்டும். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். இந்திர லிங்கம் தொடங்கி ஈசானிய லிங்கம் வரை எட்டு இடத்திலும் நின்று கும்பிட்டு, குழந்தையையும் கிழவியையும் கூட்டிக்கொண்டு நடந்தால் நாலைந்து மணி நேரம் ஓடிவிடும். பெரும்பாலும் இரவு நேரம். காலில் செருப்பு இல்லை. தோளில் பை மாட்டிக்கொண்டு மலையைச் சுற்று என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆக, பொருளை வண்டியில் விட்டுப் போவது இந்த ஊரின் வழிபாடு கேட்கிற ஏற்பாடு. அதற்குக் கவனக்குறைவு என்று பெயர் வைப்பது அநியாயம்.

நகை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டுக்கொண்டு நடந்து பறிகொடுத்தால், “கூட்டத்தில் ஏன் போட்டுக்கொண்டு போனீர்கள்?” கழற்றி வண்டியில் வைத்துப் போனால், “வண்டியில் ஏன் வைத்தீர்கள்?” ஊரிலேயே பீரோவில் வைத்துவிட்டு வந்து போனால், “ஆளில்லாத வீட்டில் ஏன் வைத்தீர்கள்?” எந்தப் பக்கம் திரும்பினாலும் குற்றவாளி, பறிகொடுத்தவர்தான். எதைச் செய்திருந்தாலும் தவறு என்று தீர்ப்பு வருமானால் அந்தத் தீர்ப்பில் விசாரணை எதுவும் இல்லை என்று பொருள்.

கவனக்குறைவே கிடையாது என்று நான் வாதாடவில்லை. டேஷ்போர்டில் போனைப் பளிச்சென்று விட்டுப் போகிறவர்கள் உண்டு. டீ குடிக்க இறங்கும்போது சாவியை வண்டியிலேயே விடுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தக் கவனக்குறைவு எதை விளக்குகிறது, எதை விளக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நூறு வண்டி நிற்கும் இருட்டு மனையில் திருடன் எந்த வண்டியைத் தேர்ந்தெடுத்தான் என்பதை அது விளக்கும். நூறு வண்டிகளுக்கு நடுவே அவன் அரை மணி நேரம் நிதானமாக நடந்து, ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்து, கண்ணாடியை உடைத்து, பையோடு வெளியே போகும்வரை ஏன் ஒருவரும் “யாருப்பா நீ?” என்று கேட்கவில்லை என்பதை விளக்காது. எந்த வண்டி என்பதை வண்டிக்காரர் தீர்மானிக்கலாம். திருட்டு நடக்குமா என்பதைத் தீர்மானிப்பது இடம். எல்லோரும் ஒரே நாளில் உத்தமமான கவனசாலிகளாகிவிட்டாலும், காவலற்ற இடத்தில் திருட்டு அடுத்த வண்டிக்கு நகருமே தவிர நிற்காது.

இதே திருவண்ணாமலையில் ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2023 பிப்ரவரி 12 அதிகாலை, நகரிலும் போளூரிலும் கலசபாக்கத்திலுமாக நான்கு ஏ.டி.எம். இயந்திரங்களை காஸ் கட்டரால் அறுத்து 70 லட்சம் ரூபாய்க்கு மேல் அள்ளிக்கொண்டு போனது ஒரு கும்பல். போலீஸ் அரியானா வரை துரத்திப் போய் ஆட்களைப் பிடித்தது. ஏ.டி.எம்.மை விடவா ஒரு வேன் பத்திரமானது? அதற்கு எஃகுப் பெட்டி, கேமரா, அலாரம் எல்லாம் உண்டு. அப்படியும் போயிற்று. அன்றைக்கு யாராவது வங்கியைப் பார்த்து, “நடுத்தெருவில் ஏன் பணத்தை வைத்தீர்கள்?” என்று கேட்டார்களா? கேட்கவில்லை. அது திட்டமிட்ட கொள்ளை என்று எல்லோருக்கும் உடனே புரிந்தது. காவல் ஏற்பாட்டில் எங்கே ஓட்டை என்றுதான் பேசினோம். வங்கியிடம் காட்டிய அந்தப் பெருந்தன்மையில் ஒரு துளியை வேனில் வந்த குடும்பத்திடமும் காட்டலாம்.

அடுத்தது பலகை. அதில் எழுதியிருப்பதால் அது சட்டமாகிவிடும் என்று நம்புகிறோம். ஆகாது. ஒருவர் பொருளை இன்னொருவர் கையில் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதைப் பற்றி 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் தனியாகவே பேசுகிறது. 148ஆம் பிரிவு அது என்ன உறவு என்று வரையறுக்கிறது. 151ஆம் பிரிவு, பொருளை வாங்கி வைத்திருப்பவர் சாதாரண அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ அப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. 150 வருடத்துக்கு மேலாகச் சட்டப்புத்தகத்தில் இருக்கிற கடமையை ஒரு தகரப் பலகை துடைத்துப்போட முடியாது.

இதை உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் நேரடியாகவே சொல்லியிருக்கிறது. டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலில் 1998இல் ஒரு விருந்தினர் தன் மாருதி ஜென் காரை வாலெட் பார்க்கிங்கில் சாவியோடு ஒப்படைத்தார். திரும்பி வந்தபோது கார் இல்லை. டோக்கனில் அச்சடித்திருக்கிறோம், உரிமையாளர் பொறுப்பில்தான் நிறுத்துகிறார் என்று ஹோட்டல் வாதாடியது. வழக்கு இருபது வருடம் நடந்தது. சாவியை வாங்கிக்கொண்டால் வண்டி ஹோட்டலின் பொறுப்பில் வந்துவிடுகிறது. அது காணாமல் போனால், தான் உரிய கவனம் எடுத்ததை ஹோட்டல்தான் நிரூபிக்க வேண்டும். தன் ஆட்களின் அலட்சியத்துக்கு ‘உரிமையாளர் பொறுப்பு’ என்ற வாசகத்தைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்று தீர்ப்பு வந்தது. பலகையின் கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும். தீர்ப்பு டெல்லியில் இருக்கிறது, பலகை கிரிவலப் பாதையில் இருக்கிறது, இரண்டுக்கும் இன்னும் அறிமுகம் ஆகவில்லை.

இந்தத் தீர்ப்பை நான் தேவைக்கு மேல் இழுக்கவில்லை. அது சாவியை வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டைப் பற்றியது. சாவியை நாமே இடுப்பில் செருகிக்கொண்டு, திறந்த மைதானத்தில் ஓர் ஓரமாக நிறுத்திவிட்டுப் போனால், இடத்துக்காரர் வண்டியைத் தன் கைவசம் எடுத்துக்கொண்டார் என்று நிரூபிப்பது கடினம். எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்ளும் இடம் அதுதான். ஆனால் நம் ஊர் ஸ்டாண்டுகளில் நடப்பதைப் பாருங்கள். பைக்கை நிறுத்தப் போனால், “சைடு லாக் போடாதீங்க சார், தள்ளி வெக்கணும்” என்கிறார் பையன். காரை விட்டால், “ஹேண்ட்பிரேக் போடாதீங்க, நியூட்ரல்ல விடுங்க” என்கிறார். வண்டி இரண்டு வரிசைக்கு நடுவே அடைபட்டு நிற்கும். அவர் வழிவிட்டால்தான் வெளியே எடுக்கலாம். பூட்டாதே என்கிறவர் அவர், நகர்த்துகிறவர் அவர், எப்போது வெளியே விடுவது என்று தீர்மானிக்கிறவரும் அவர். காணாமல் போனால் மட்டும் பொறுப்பு நம்முடையதாம். ‘நல்ல பூட்டு வாங்கு’ என்று புத்தி சொல்பவர்கள், பூட்டைப் போடாதே என்று கேட்டுக்கொண்டே காசு வாங்கும் இந்த ஏற்பாட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

குற்றவியல் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில் சாதாரணத் திருட்டுக்கு மூன்று வருடம் வரை சிறை. ஆனால் 305ஆம் பிரிவு சில திருட்டுகளைத் தனியாக எடுத்து ஏழு வருடம் வரை தண்டனை என்கிறது. அந்தப் பட்டியலில் குடியிருக்கும் வீட்டில் திருடுவது உண்டு. வழிபாட்டுத் தலத்தில் சிலை திருடுவது உண்டு. அவற்றோடு, பயணிகளையோ சரக்கையோ ஏற்றிச்செல்லும் வாகனத்தைத் திருடுவதும் அந்த வாகனத்திலிருந்து பொருளைத் திருடுவதும் உண்டு. வேனையும் வீட்டையும் சட்டம் ஒரே பிரிவில் உட்கார வைத்திருக்கிறது. அப்படிப்பட்ட குற்றத்தை நாம், “போனது போச்சு, இனிமே பாத்து வெச்சுக்கோங்க” என்று தட்டிக் கழிக்கிறோம்.

இவையெல்லாம் புதுச் சட்டங்கள், ஊர் வழக்கம் வேறு என்பார் சிலர். ஊர் வழக்கத்தையே எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் தென்தமிழ்நாட்டில் காவல் என்று ஒரு முறை இருந்தது. ஊர்க்காவலும் தேசகாவலும் பார்த்த பாளையக்காரர்களும் காவல்காரர்களும் அதற்காகக் குடிகளிடம் காவல் வரி வாங்கினார்கள். வாங்கியதற்குப் பதிலாக, தங்கள் எல்லைக்குள் பொருள் திருடுபோனால் கண்டுபிடித்துத் தர வேண்டும். முடியாவிட்டால் இழப்பை ஈடு செய்ய வேண்டும். இந்த முறையில் மிரட்டலும் இருந்தது, காவல்காரரே ஆள் வைத்துத் திருடிய கதையும் இருந்தது. பாளையக்காரர் போர்களுக்குப் பின் கம்பெனி ஆட்சி அதை ஒழித்ததற்கு வருந்தவேண்டியதில்லை. ஆனால் அதன் அடியில் இருந்த நியாயம் நேரானது: காவலுக்குக் காசு வாங்கினால் களவுக்குப் பதில் சொல். இன்றைய ஸ்டாண்டு, காசு வாங்கும் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு பதில் சொல்லும் பாதியைக் கழற்றிவிட்டது.

இன்னும் பின்னால் போனால், சைவ மரபிலேயே வழிப்பறிக்கு ஆளான பெரிய பயணி ஒருவர் இருக்கிறார். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொன்னோடும் பொருளோடும் திரும்பிய சுந்தரரை, அவிநாசிக்கு அருகே திருமுருகன்பூண்டியில் வேடர்கள் வழிமறித்துப் பறித்தார்கள் என்கிறது பெரியபுராணம். பறித்தவர்கள் வேடர் உருவில் வந்த சிவகணங்கள் என்பது புராணத்தின் திருப்பம். நாம் கவனிக்க வேண்டியது சுந்தரர் செய்ததை. ‘இவ்வளவு பொன்னைத் தூக்கிக்கொண்டு வந்தது என் தப்பு’ என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. நேரே கோயிலுக்குப் போய், வழிப்போக்கரைக் கொள்ளையடிக்கும் இந்த ஊரில் நீர் எதற்காகக் குடியிருக்கிறீர் என்று சிவனிடமே கணக்குக் கேட்டார். ஏழாம் திருமுறையில் அந்தப் பதிகம் இருக்கிறது. பறிபோனதெல்லாம் திரும்பி வந்தது. ஊருக்கு உரியவரிடம் கேட்க வேண்டும் என்பது அடியாருக்குத் தெரிந்திருந்தது. நாம் மட்டும் பறிகொடுத்தவரைப் பிடித்துக் கேட்கிறோம்.

பூட்டு விற்பவர்களின் வாதத்துக்கு வருவோம். ஸ்டியரிங் லாக், கியர் லாக், வீல் கிளாம்ப், ஜி.பி.எஸ். எல்லாம் வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. சரக்கும் பயணிகளும் ஏற்றும் வண்டிகளில் அரசே சிலவற்றைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 2019 ஜனவரி முதல் பதிவாகும் புதிய பொதுப் பயணி வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசர பட்டனும் இருக்க வேண்டும். அதே வருடம் ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கு எளிதில் கழற்ற முடியாத உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட். இவையெல்லாம் வண்டியைக் காப்பாற்றும் கருவிகள். வண்டிக்குள் இருக்கும் பையை எந்த ஜி.பி.எஸ்.ஸும் காப்பாற்றாது. மாத்திரை டப்பாவுக்கும் ஆதார் அட்டைக்கும் நம்பர் பிளேட் கிடையாது. யாத்திரைக்காரர் இழப்பது அவற்றைத்தான்.

தவிர, பூட்டுக்கும் திருடனுக்கும் நடக்கும் ஓட்டப்பந்தயத்தில் பூட்டு எப்போதும் முன்னால் ஓடுவதில்லை. பட்டனை அழுத்தினால் கிளம்பும் சாவியில்லா கார்களில், வீட்டுக்குள்ளோ பையிலோ இருக்கும் சாவியின் சிக்னலைப் பிடித்து நீட்டி, சாவி பக்கத்தில் இருப்பதாகவே காரை ஏமாற்றித் திறக்கும் கருவிகள் வந்துவிட்டன. விலை கூடிய வண்டிதான் இந்த வித்தைக்கு முதலில் சிக்குகிறது. இத்தனை லட்சம் கொடுத்து வாங்கியவரைப் பார்த்தும் ‘கவனக்குறைவு’ என்று சொல்லப்போகிறோமா?

கேரவன் பயணம் நெடுங்காலமாகப் பழகிப்போன பிரிட்டனில் இதை எப்படிப் பார்த்தார்கள் என்பது நமக்குப் பாடம். அங்கேயும் பூட்டு உண்டு, சக்கரப் பிடி உண்டு. ஆனால் அதோடு விடவில்லை. 1992 முதல் கேரவன்களுக்கு 17 இலக்க அடையாள எண் கொடுத்து அதை அடிச்சட்டத்தில் பொறித்து ஜன்னல் கண்ணாடிகளிலும் செதுக்கும் பதிவு முறை நடக்கிறது. திருடியதை விற்பது அதனால் கடினமாகிறது. அதைவிட முக்கியமானது, கேரவன் நிறுத்திவைக்கும் இடங்களையே ஆய்வு செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறார்கள். வேலி எப்படி, நுழைவு எப்படி, காவல் எப்படி என்று பார்த்துத்தான் தரம். நல்ல தரமுள்ள இடத்தில் நிறுத்தினால் இன்சூரன்ஸில் சலுகை கிடைக்கும். இழப்பு வந்தால் தன் பையிலிருந்து கொடுக்க வேண்டிய இன்சூரன்ஸ்காரர்கள், பூட்டோடு சேர்த்து இடத்தையும் எடை போட்டார்கள். காசு போகிறவருக்கு உண்மை சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

நம் நாட்டில் இடத்தை எடை போடுவதில்லை. மனிதரை எடை போடுகிறோம். திருவண்ணாமலையில் ஏதாவது காணாமல் போனால் எல்லோர் விரலும் முதலில் நீள்வது கிரிவலப் பாதையில் படுத்திருக்கும் காவி வேட்டிச் சாமியார் மேலும் பிச்சைக்காரர் மேலும்தான். அவர்களில் தப்பானவர் இல்லை என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது; எந்தக் கூட்டத்துக்கும் அதைத் தர முடியாது. ஆனால் யோசியுங்கள்: இரவெல்லாம் அந்தப் பாதையில் விழித்திருப்பவர்கள் யார்? பூக்கட்டும் அம்மா, சுக்குக் காபி விற்பவர், அந்தச் சாமியார்கள். தெருவின் கண்கள் அவர்கள்தான். யார் புதிது, எந்த வண்டி இரண்டு நாளாக அநாதையாக நிற்கிறது என்பது கேமராவுக்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். அவர்களைச் சந்தேகப் பட்டியலில் வைத்து விரட்டினால், மிச்சம் இருப்பது இருட்டும் பலகையும்தான்.

பேச்சில் எப்போதும் விட்டுப்போகும் இன்னொரு காவலர் ஓட்டுநர். குடும்பம் மலை சுற்றப் போனதும் வேனுக்குக் காவல் அவர்தான். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது. ராத்திரி முழுக்க ஓட்டிவந்தவர், விடிந்ததும் மறுபடி ஓட்ட வேண்டியவர். கொசுக்கடியில் சீட்டைச் சாய்த்து அவர் கொஞ்சம் கண்ணயர்ந்த நேரத்தில் பின்கதவைத் திறந்தார்கள் என்றால், அதற்கும் பேச்சு வாங்குவது அவரே. தூங்காத ஓட்டுநர் நம் பைக்கு நல்லவர், நம் உயிருக்கு ஆபத்தானவர். இது தமிழக அரசுக்கும் தெரிந்திருக்கிறது. விருந்தினரின் ஓட்டுநர்களுக்குத் தங்கும் இடமும் கழிப்பறையும் விடுதிகள் தர வேண்டும் என்று 2023இல் கட்டட விதிகளைத் திருத்தியது. நல்ல விதி. ஆனால் விடுதியில் அறை எடுக்காத வேன் யாத்திரைக்கு அது எட்டாது. ஓட்டுநர் கவலையில்லாமல் தூங்க வேண்டுமானால் வண்டியை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேறொருவர், நிறுத்தக் காசு வாங்கியவரைத் தவிர வேறு யார்?

கடைசியாக ஒரு வாதம் வரும், அதுதான் உள்ளதிலேயே கனமானது: ‘லட்சக்கணக்கில் வருகிறார்கள். அத்தனை வண்டிக்கும் யார் காவல் நிற்பது? முடிகிற காரியமா?’ முடியும் என்பதற்குச் சாட்சி கார்த்திகை தீபம். 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஏறும் அன்று, ஊரே தாங்காத கூட்டம். அந்த நாளுக்கு என்ன செய்கிறார்கள்? ஊருக்குள் வரும் வேலூர் சாலை, செங்கம் சாலை, திண்டிவனம் சாலை, திருக்கோவிலூர் சாலை என்று ஒவ்வொன்றிலும் ஊருக்கு வெளியே தற்காலிக பஸ் நிலையமும் வாகன நிறுத்துமிடமும் அமைக்கிறார்கள். விளக்கு, தண்ணீர், கழிப்பறை, கேமரா, வெளிமாவட்டங்களிலிருந்து வரவழைத்த போலீஸ் என்று மாவட்ட நிர்வாகம் வாரக்கணக்கில் வேலை செய்கிறது. வருடத்தின் பெரிய கூட்டத்துக்கு இத்தனையும் முடிகிறது என்றால், மாதப் பௌர்ணமிக்கும் சனி ஞாயிறுக்கும் அதில் கால்வாசி முடியாதா? திருவண்ணாமலை 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர். ஆந்திராவிலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் கர்நாடகாவிலிருந்தும் இப்போது வாரந்தோறும் வண்டிகள் வருகின்றன. தமிழ்நாடு அரசின் 2023 சுற்றுலாக் கொள்கை, கேரவன் சுற்றுலாவையே வளர்க்க வேண்டிய துறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. வண்டியை வீடாக்கிக்கொண்டு வா என்று அழைத்தால், அந்த வீடு ராத்திரி எங்கே நிற்கும் என்பதற்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

பதில் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. காசு வாங்கி வண்டி நிறுத்தும் எந்த இடத்துக்கும் மாநகராட்சி உரிமம் வேண்டும். உரிமத்துக்கு நிபந்தனைகள்: உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே வாசல், வண்டி எண்ணும் நேரமும் எழுதிய டோக்கன், டோக்கனைக் காட்டாமல் வண்டி வெளியே போகக் கூடாது, வெளிச்சம், இரவுக் காவலாளி, ஓட்டுநர் படுக்க ஓர் இடம், கட்டணத்திலேயே சேர்த்து ஒரு குழு இன்சூரன்ஸ். பலகை வைக்கட்டும், அதில் உரிமம் பெற்றவரின் பெயரும், புகார் சொல்ல வேண்டிய எண்ணும் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இருக்கட்டும். கட்டணம் இருபது முப்பது ரூபாய் கூடும். கூடட்டும். காவலுக்காகக் கொடுக்கும் காசு வீண்போகாது. பொறுப்பில்லை என்று எழுதியவரிடம் கொடுக்கும் காசுதான் வீண்.

இதெல்லாம் தானாக நடக்காது. நடக்காததற்கு ஒரு காரணம் பயணிகளாகிய நாமும் கூட. பறிகொடுத்தவர் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். வேனுக்கு நாள் வாடகை ஓடுகிறது. வழக்குப் போட்டால் இந்த ஊருக்கு அலைய வேண்டுமே என்ற பயம். ஆகவே புகாரே எழுதாமல் கிளம்பிவிடுகிறார்கள். இல்லையென்றால் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது ஒன்றை வாங்கிக்கொண்டு போகிறார்கள். இன்சூரன்ஸ் கேட்கப்போனால் எஃப்.ஐ.ஆர். எங்கே என்பார்கள். ஆனால் அந்த அலைச்சலில் பெரும்பகுதியைச் சட்டம் ஏற்கெனவே குறைத்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியில் அனுப்பிவிட்டு மூன்று நாளுக்குள் கையெழுத்துப் போடலாம். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லக் கொஞ்சம் தாமதமானது என்ற ஒரே காரணத்தைக் காட்டி வாகனத் திருட்டு இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்த்திருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுத்துமிடத்தின் மீதான வழக்கை நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே போடலாம். கோயம்புத்தூர்க்காரர் கோயம்புத்தூரில், பெங்களூருக்காரர் பெங்களூரில். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. நடந்துவர வேண்டியவர் ஸ்டாண்டுக்காரர்தான்.

ஆகவே வண்டியை விடும்போது டோக்கனை வாங்குங்கள், போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ‘லாக் போடாதீங்க’ என்று சொன்னவர் முன்னிலையில் வண்டி நின்ற நிலையையும் ஒரு படம். களவு போனால் ஊர் திரும்பும் முன் எஃப்.ஐ.ஆர்.; ஊர் திரும்பியதும் நுகர்வோர் ஆணையம். ஒருவர் வழக்குப் போட்டால் அவரைத் தொந்தரவுக்காரர் என்பார்கள். பத்துப் பேர் போட்டால் ஸ்டாண்டுக்காரர் ஒரு காவலாளியை வேலைக்கு வைப்பார். ஐம்பது பேர் போட்டால் மாநகராட்சி உரிமத்தைப் பற்றி யோசிக்கும். புகாரில்லாத களவு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஏறாதவரை இங்கே பிரச்சினையே இல்லை என்று அதிகாரி சொல்வார், அவர் கையில் உள்ள காகிதப்படி அது உண்மையாகவே இருக்கும். அந்தக் காகிதத்தை மாற்றுவது பூட்டுக் கடையில் நடக்காது. பறிகொடுத்தவர் தலைகுனியாமல் எழுதிக்கொடுக்கும் புகாரில்தான் நடக்கும்.